மறு: உணரி பொருத்திய குழலுக்கு ஒரு பெயர்

வணக்கம்.

விரலின் இறுக்கத்தையும் கருவியின் சாய்வையும் அறிந்து கணினிக்குச் சொல்லும் சிறு உறுப்புகளை, அதாவது சென்சர்களை, நாதஸ்வரத்தில் பொருத்துகிறோம். அந்த உறுப்புக்கும் அது பொருத்திய நாதஸ்வரத்துக்கும் தமிழில் என்ன பெயர் என்பதுதான் நம் மடல்களில் ஓடும் கேள்வி. பட்டறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டிப் பக்கம் நாதஸ்வரம் பழகுகிறவர்கள். மற்றவர்கள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவர்கள். இரு பகுதிக்கும் விளங்குகிற சொல் வேண்டும்.

‘சென்சர்’ என்றே விடலாம் என்று அக்கா எழுதியிருந்தார். ஆனால் அதே எழுத்துக்கூட்டலைத் தணிக்கைக்கும் எழுதுகிறோமே! ‘உணரி’ போதும். மண்வெட்டியில் உள்ள அதே இகர விகுதி, கருவிப்பொருளில் வந்திருக்கிறது.

சென்னைத் தம்பி சொல்லும் ‘அழுத்த உணரி’ இங்கே சரிவராது. ஆங்கிலத்தின் ‘பிரஷர்’ எங்கள் இலங்கைப் பாடநூலில் அமுக்கம். அழுத்தம் என்றால் பிள்ளைகள் மின்னழுத்தத்தை நினைப்பார்கள். அதேபோல், சாய்வை அறிய உதவும் உணரியின் பெயரில் அவர் சொல்லும் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். ‘ஆர்முடுகல் உணரி’ நீளம்தான், ஆனாலும் பரீட்சையில் அவர்கள் எழுதுகிற சொல் அது.

சரி, முழுக் கருவிக்கு வருவோம். 1986இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் டொட் மக்கோவர் தொடங்கிய, இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் வேலைக்கு ‘ஹைப்பர்’ (மிகை) என்ற அடையைச் சேர்த்தார்கள். அதைப் பார்த்து ‘மிகைக்குழல்’ என்றார் ஒருவர். மிகைபடக் கூறலை நன்னூல் குற்றமாகச் சொல்கிறது என்று ஐயா மறுத்தார். நானும் அவர் பக்கம். பிறகு ஐயா உள், உண், உணர் என்று வேர் தேடி மூன்று மடல் எழுதினார். உண்பதும் உணர்வதும் ஒரே வேரா என்பதை அச்சு முடிந்த பிறகு ஆறுதலாகப் பேசுவோம், ஐயா. எனக்கும் அதில் ஆசை இருக்கிறது.

‘மின்குழல்’ கட்டாயம் வேண்டாம். யமஹா 1987இல் விட்ட டபிள்யூஎக்ஸ்7 போன்ற மின் ஊதுகருவிகள் ஊதினாலும் தாமாக ஒலிக்காதவை. சத்தம் வேறு பெட்டியிலிருந்து வரும். நாங்கள் சொல்வது அதுவல்ல. வாயில் வைத்து ஊதும் சீவாளி அதிர்கிறது, கீழே விரிந்த வாயான அணசு வழியாக நாதம் வருகிறது, வித்துவானின் மூச்சு அப்படியே இருக்கிறது. விரல் எவ்வளவு இறுக்குகிறது, கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் உணரி கணினிக்குச் சொல்கிறது. கணினி அந்த நாதத்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. பழைய நாதம் போகவில்லை என்பது பெயரில் தெரிய வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம்.

பெரும்பான்மை ‘உணர்குழல்’ என்கிறது. வினைத்தொகை, அழகு, சிறியது. குழலுக்கு அடை சேர்ப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்திலேயே கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று குழல் இருக்கிறது. ஆனால் உணர்வது குழலா? குழல் ஒலிக்கிறது, உணர்வது அதன்மேல் ஒட்டிய உறுப்பு. அதனால்தான் ‘பூண்குழல்’ என்றேன். உலக்கைக்குப் பூண் போட்டாலும் உலக்கை உலக்கைதான். அச்சில் ஓர் எழுத்து மாறினால் பூங்குழல், பெண்ணின் கூந்தல் ஆகிவிடும் என்று அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே தலைப்பில் ‘உணர்குழல்’ போடுகிறேன். உள்ளே ‘உணரி பூண்ட குழல்’ என்றே எழுதுவேன். அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

வியாழன் இரவுக்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ‘உணர்நாதஸ்வரம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா? நாக்கு வருகிறதா?