ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரும் புத்தரும்

ஏற்காட்டான்:
ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்ப் பக்கம் தியாகனூர் போய் அங்கிருக்கும் இரண்டு பெரிய புத்தர் சிலைகளையும் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பும்போது ஓரிடத்தில் புளித்த நாற்றம். பஸ்ஸில் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு, இந்த ஐந்தையும் விற்காதே என்றார் புத்தர். அந்தத் தண்ணீரை ஓடையில் விடுவது ஐந்தாவதில் சேராதா?

மரவள்ளி மைந்தன்:
சேராதுங்க. அது விற்பதைப் பற்றிய பேச்சு; நான் விற்பது ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கைக் கழுவ, அரைத்த பாலை வடிகட்ட, தொட்டியில் மாவைப் படியவிட, எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான். மாவு படிந்ததும் மேலே நிற்பதை எங்காவது விட்டாக வேண்டும். துறவிக்குச் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா கிடையாது. எனக்கு உண்டு.

ஏற்காட்டான்:
துறவிக்கு மட்டுமா சொன்னார்? சிகாலன் என்ற குடும்பஸ்தனுக்கும் சொன்னார்: வருமானத்தில் ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. பூவைக் கெடுக்காமல் தேன் எடுக்கும் தேனீபோல் சேர் என்றும் சொன்னார்.

மரவள்ளி மைந்தன்:
அண்ணா, இரண்டைக் கலக்கிவிட்டீர்கள். சிகாலனுக்குச் சொன்னது தேனீபோல் சேர்ப்பது மட்டும். பூ கெடாமல் என்பது தம்மபதம் என்ற பௌத்த நூலில் வருவது, துறவி ஊருக்குள் நடந்துகொள்ளும் விதம். ஆலைக்காரனும் படிப்பான்.

ஏற்காட்டான்:
சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்தே எரிவாயு எடுத்து ஆலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்களே?

மரவள்ளி மைந்தன்:
நானும் எடுக்கிறேன். எரிபொருள் செலவு மிச்சம், அதனால். எண்ணம்தான் வினை என்று சொன்னவரும் புத்தர்தான். அந்தக் கணக்கில் எனக்குப் புண்ணியம் சல்லிக்காசு தேறாது.

கொலுசுப் பட்டறை:
புண்ணியக் கணக்கு கிடக்கட்டும், ஓடை நாறாமல் இருந்தால் போதும். அப்புறம், வெளுப்புக்கு ரசாயனம் போடுவதை இரண்டு பேரும் தொடவே இல்லையே?

மரவள்ளி மைந்தன்:
அக்கா, வெள்ளையாக இல்லாவிட்டால் வியாபாரி விலையை இறக்குகிறார். போன மாதம் ரசாயனம் போடாமல் ஓட்டிப் பார்த்தேன். லேசான பழுப்பு. ஒரு மூட்டை இன்னும் குடோனில்தான் கிடக்கிறது. நீங்கள் வாங்குவீர்களா?

ஏற்காட்டான்:
எனக்கு ஐந்து கிலோ.

கொலுசுப் பட்டறை:
எனக்கு இரண்டு. பாயசம் என்ன இந்த நிறம் என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயார்.

மரவள்ளி மைந்தன்:
மூட்டை 90 கிலோ அக்கா. மீதி 83?