கௌபாய் துப்பாக்கிச் சண்டை: நடந்தது எவ்வளவு, கட்டிவிட்டது எவ்வளவு?

பனையோலை:
சின்ன வயதில் சிவகாசியில் அச்சான காமிக்ஸ் வழியாகத்தான் எனக்கு அமெரிக்க மேற்கு அறிமுகம். நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், யார் முதலில் துப்பாக்கியை உருவுகிறார் என்பதுதான் கதை. இப்போது அந்தக் காலத்து வரலாற்றைத் தேடிப் படிக்கிறேன். அந்த நடுத்தெருச் சண்டை பெரும்பாலும் பின்னால் கட்டிய கதை என்றே தோன்றுகிறது.

எல்லோரும் சொல்லும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன். 'ஓகே காரல் சண்டை' என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் சண்டை நடந்தது அந்தக் குதிரைக் கொட்டடியில் இல்லை, கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டியிருந்த குறுகலான காலி மனையில். கையெட்டும் தூரம் போல சில அடிதான் இடைவெளி. அரை நிமிடத்தில் முப்பது குண்டுகள், மூன்று பிணங்கள். காரணம் என்ன? ஊருக்குள் ஆயுதம் எடுத்துவரக் கூடாது என்று டூம்ஸ்டோனில் சட்டம் இருந்தது. ஊர்க் காவல் தலைவரான மார்ஷல் வர்ஜில் எர்ப் தம்பிகளையும் நண்பர் டாக் ஹாலிடேயையும் கூட்டிக்கொண்டு போனது, அந்தச் சட்டத்தைச் சொல்லி எதிர்த்தரப்பு 'கௌபாய்' கும்பலின் துப்பாக்கிகளை வாங்கி வைக்கத்தான்.

கான்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் துப்பாக்கிக்குத் தடை என்று தெருவில் பலகையே வைத்திருந்தார்கள். அந்த மாநிலத்து மாட்டுச் சந்தை ஊர்கள் ஐந்தை எடுத்து ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் கணக்குப் பார்த்தார். 1870 முதல் 1885 வரை ஐந்து ஊரிலும் சேர்த்து 45 கொலைகள். காமிக்ஸில் நாற்பது பக்கத்துக்குள் அத்தனை பேர் செத்துவிடுவார்கள்.

ஒற்றையடிப்பாதை:
45 என்ற எண்ணை வைத்து முடிவுகட்டாதீர்கள் நண்பரே. அதே டைக்ஸ்ட்ரா கணக்கில், சந்தை நடந்த பருவம் ஒன்றுக்கு ஓர் ஊரில் சராசரி ஒன்றரைக் கொலை. டாட்ஜ் சிட்டியில் 1880 வாக்கில் குடியிருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். ஆயிரம் பேரில் ஒரு கொலை என்றால் லட்சத்துக்கு நூறு. இன்று அப்படி ஒரு நகரம் இருந்தால் அந்தப் பக்கம் யாராவது குடிபோவார்களா?

அப்புறம் அந்தத் தடைப் பலகை. பயம் இல்லாத ஊரில் யார் அப்படிப் பலகை வைக்கப்போகிறார்கள்? நீங்கள் காட்டும் ஆதாரமே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. சண்டைக்குக் காமிக்ஸ் பூசிய வண்ணம் பொய்யாக இருக்கலாம், சண்டை பொய் இல்லை.

பனையோலை:
சட்டம் போட்டால் பயம் இருந்தது என்று அர்த்தம், அதை ஒப்புக்கொள்கிறேன். விகிதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆயிரம் என்பது குடியிருந்தவர்கள் கணக்கு. கோடையில் டெக்சாஸிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்து, சம்பளம் வாங்கி, சில நாள் தங்கிப் போனவர்கள் அதில் இல்லை. வகுக்கும் எண்ணே தவறு. சின்ன ஊரில் ஒரே ஒரு சாராயக்கடைத் தகராறு நடந்தாலும் விகிதம் எகிறிவிடும், அடுத்த வருடம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

கரிசல்காடு:
நீங்கள் இருவரும் ஒரே தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். கொலைகள் மிகுதியாக நடந்தது தெருவில் இல்லை.

1864 நவம்பர் 29, கொலராடோவில் சாண்ட் க்ரீக் என்ற ஓடை. ஷெயென், அரபஹோ என்ற பூர்வகுடி மக்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ராணுவத்தோடு சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பி, தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையே ஏற்றியிருந்தார். விடியற்காலையில் கர்னல் சிவிங்டனின் படை சுட ஆரம்பித்தது. செத்தவர்கள் 150க்கும் மேல், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தப் படையிலேயே சைலஸ் சோல் என்ற கேப்டன் தன் ஆட்களைச் சுட விடவில்லை. பிறகு விசாரணையில் நடந்ததை எல்லாம் சொன்னார். 1865 ஏப்ரலில், திருமணமான அதே மாதத்தில், டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவிங்டன் மேல் கடைசிவரை வழக்கே இல்லை. தெருவில் சுடப்பட்ட நிஜ வீரன் ஒருவர் வேண்டும் என்றால் இவர்தான். நம் காமிக்ஸ் எதிலும் நான் இவரைப் பார்த்ததில்லை.

காமிக்ஸ் பழக்கிய 'செவ்விந்தியர்' என்ற சொல்லையும் விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லகோட்டா, ஷெயென், கோமான்ச்சி என்று அவரவர்க்குப் பெயர் இருக்கிறது.

லாடம்:
இடையில் ஒரு விஷயம். டூம்ஸ்டோன் பக்கத்தில் அப்போது 'கௌபாய்' என்றால் மாட்டுத் திருடன் என்று பொருள். கௌரவமாக மாடு வளர்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. மாடு மேய்ப்பதும் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த தொழில் இல்லை. மெக்சிகோவின் வக்கேரோக்களிடம், அதாவது அங்கே குதிரையில் மாடு மேய்த்தவர்களிடம் கற்றது. ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), ரோடியோ (மாடு அடக்கும் போட்டி), லாரியட் (சுருக்குக் கயிறு) எல்லாமே ஸ்பானியத்திலிருந்து வந்த சொற்கள். மாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் கயிற்றின் மறுபக்கத்தைக் குதிரைச் சேணத்தின் முன்னே நீட்டியிருக்கும் கொம்பில் சட்டென்று சுற்றவேண்டும். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கவேண்டும். கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் விரல் மாட்டினால், மாடு இழுக்கிற இழுப்பில் விரல் போய்விடும். துப்பாக்கியைவிட இந்தக் கயிறுதான் அவர்களுக்கு ஆபத்து. நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லும் மதிப்பீடு. 1883இல் டெக்சாஸ் வடக்கில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள், தோற்றுப்போனார்கள். கூலிக்காரர்கள் கதை அது.

ஒற்றையடிப்பாதை:
கரிசல்காடு, சாண்ட் க்ரீக்கை நியாயப்படுத்த யாராலும் முடியாது, நானும் செய்யமாட்டேன். ஆனால் மேற்கே போன எல்லோரையும் சிவிங்டனோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

1862 நிலச் சட்டம் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் அங்கேயே இருந்து பயிர் செய்தால் பட்டா. கான்சாஸில் நிகோடெமஸ் என்று ஓர் ஊர். 1877இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினத்தவர் உண்டாக்கியது. பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். வந்து பார்த்தால் மரமே இல்லாத சமவெளி, வீடு கட்டப் பலகை கிடையாது. நிலத்தைத் தோண்டி அதற்குள் குடியிருந்து முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பூர்வகுடி மக்கள் இறைச்சி கொடுத்து உதவினார்கள். தன் பெயரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று குழிக்குள் படுத்துக்கிடந்த ஒரு தாயின் ஆசையும் கட்டுக்கதையா? மேற்கே போனால் புதிதாக வாழலாம் என்ற நம்பிக்கையைத்தான் நீங்கள் எல்லோரும் 'கதை' என்கிறீர்கள். சிலருக்கு அது பலித்தது.

கரிசல்காடு:
நிகோடெமஸ் மக்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மேற்கே அரசு பங்கிட்ட நிலமெல்லாம் அதனிடம் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. நிகோடெமஸுக்குப் பிறகும் அது நிற்கவில்லை, 1887இல் டாஸ் சட்டம் வந்தது. பொதுவில் இருந்த பூர்வகுடி நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டு, மிச்சத்தை 'உபரி' என்று விற்றார்கள். அப்போது 13.8 கோடி ஏக்கர் அவர்களிடம் இருந்தது. 1934இல் 4.8 கோடி. துப்பாக்கியால் முடியாததைப் பத்திரத்தால் முடித்தார்கள். இதை யாரும் படமாக எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் இதில் குதிரை இல்லை.

கதையை யார் கட்டினார்கள் என்பதையும் பாருங்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சி. அதையொட்டி நடந்த வரலாற்றாசிரியர் மாநாட்டில் ஃப்ரெடரிக் ஜாக்சன் டர்னர், குடியேற்றம் மேற்கே நகர்ந்த எல்லைப்புறம்தான் அமெரிக்கனை உருவாக்கியது, அது இப்போது முடிந்துவிட்டது என்று கட்டுரை வாசிக்கிறார். கண்காட்சிக்கு வெளியே, வேலியை ஒட்டி, மேற்கு வாழ்க்கையை வேடிக்கைக் காட்சியாக நடத்திய பஃபலோ பில் கூடாரம் போட்டு, குதிரை வண்டியைத் துரத்தும் 'இந்தியர்'களை டிக்கெட்டுக்குக் காட்டுகிறார். ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்ற வூண்டட் நீ படுகொலை நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

ஒற்றையடிப்பாதை:
அந்தக் கூடாரத்துக்குள் இருந்தவர்களையும் பாருங்கள். 1883 முதல், பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய ஒதுக்கிட முகாம்களில் அவர்களுடைய சடங்கு நடனங்களுக்கு அரசு தடை போட்டிருந்தது. பஃபலோ பில்லின் மைதானத்தில் சம்பளத்தோடு ஆடலாம், குதிரை ஏறலாம், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கலாம். 1885இல் லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லே ஒரு பருவம் போனார். 1891இல் சிறையில் இருந்த இன்னொரு லகோட்டா தலைவர் கிக்கிங் பேர் அந்தக் குழுவில் சேர்ந்துதான் வெளியே வந்தார். பொய்க் கதைக்குள் நின்றுகொண்டு தங்கள் நிஜத்தைக் காப்பாற்றினார்கள். காட்சியை ஏமாற்று வேலை என்று தள்ளினால் அவர்கள் சாமர்த்தியத்தையும் தள்ளுகிறோம்.

பனையோலை:
இந்தக் கோணம் எனக்குப் புதிது. இழையைத் தொடங்கியபோது கேள்வியைச் சின்னதாக வைத்துவிட்டேன். சரி, நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், லகோட்டாக்களின் பிளாக் ஹில்ஸ் மலை நிலத்தைப் பற்றிய வழக்கு என்ன ஆனது?

கரிசல்காடு:
1868 ஒப்பந்தத்தில் அந்த மலைகள் லகோட்டாக்களுக்கு என்று எழுதிக்கொடுத்தார்கள். 1874இல் ராணுவ அதிகாரி கஸ்டரின் படையோடு போனவர்கள் தங்கம் கண்டார்கள், 1877இல் அரசு எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம், எடுத்தது தவறு, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்றது. லகோட்டாக்கள் வாங்கவில்லை. கணக்கில் கிடந்து அது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

ஒற்றையடிப்பாதை:
லகோட்டாக்கள் வாழும் பைன் ரிட்ஜ் ஒதுக்கிட முகாமில் வறுமை எவ்வளவு என்று தெரியும்தானே. அந்தப் பணத்தை வாங்கிப் பிள்ளைகளுக்குச் செலவழிக்கலாமே, மனசு கேட்கவில்லை.

கரிசல்காடு:
வாங்கினால் விற்றதாகிவிடும். விற்கவில்லை என்பதுதான் அவர்கள் வழக்கே.

ஒற்றையடிப்பாதை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நிகோடெமஸ் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.