கட்கோவ்: பேராசிரியர் எப்படிப் பத்திரிகை ஆசிரியரானார்?

கேள்வி: ருஷ்யரான மிகயில் கட்கோவ் (1818–1887) மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். அவர் பத்திரிகைக்கு வந்தது எப்படி? டால்ஸ்டாயோடு முறிந்தது ஏன்?

பதில் 1: 1850-ல் அரசு தத்துவப் பாடத்தை முடக்கியது, வேலை போயிற்று. மறு ஆண்டே ‘மாஸ்கோவ்ஸ்கியே வேதமஸ்தி’ செய்தித்தாளின் ஆசிரியரானார். அது பல்கலைக்கழகத்தின் சொத்து. 1856-ல் ‘ரூஸ்கி வேஸ்த்னிக்’ இதழைத் தொடங்கினார். 1863-ல் அந்தச் செய்தித்தாளையே பேராசிரியர் லியோன்தியேவுடன் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார். அதே ஆண்டு ருஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்த போலந்துக் கிளர்ச்சியை எதிர்த்து எழுதிய தலையங்கங்கள்தான் அவரை நாடறியச் செய்தன.

பதில் 2: 1865 பத்திரிகைச் சட்டத்தை விட்டுவிடக் கூடாது. அதன்படி, அரசின் மூன்று எச்சரிக்கை வந்தால் இதழை ஆறு மாதம் வரை நிறுத்தலாம். எச்சரிக்கையை அந்த இதழிலேயே அச்சிட வேண்டும். 1866-ல் ‘மாஸ்கோவ்ஸ்கியே வேதமஸ்தி’க்கு வந்த எச்சரிக்கையைக் கட்கோவ் அச்சிட மறுத்தார், இதழ் நின்றது. ஜார் தலையிட்ட பிறகே திரும்பினார். வேறு ஆசிரியருக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது.

பதில் 3: டால்ஸ்டாய் விஷயம் 1877. ‘ரூஸ்கி வேஸ்த்னிக்’கில் தொடராக வந்த அவருடைய நாவல் ‘அன்னா கரேனினா’வின் எட்டாம் பாகம், துருக்கியரோடு போரிடச் செர்பியாவுக்குப் போன ருஷ்யத் தன்னார்வப் படையினரைக் குறை சொன்னது. கட்கோவோ அவர்களின் ஆதரவாளர். திருத்தம் கேட்டார், டால்ஸ்டாய் மறுத்தார். முந்தைய இதழில் ‘தொடரும்’ என்று போட்டிருந்தவர், நாயகியின் மரணத்தோடு நாவல் முடிந்துவிட்டது என்று ஒரு குறிப்போடு நிறுத்திக்கொண்டார். வாசகர்களுக்குச் செய்த அநியாயம் அது. டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனி நூலாகவே வெளியிட்டார்.