புதுப்பிப்பு: சொந்த டொமைன் மெயிலை மாற்றியாச்சு, ஒன்றும் தொலையவில்லை

வெப்சைட் ஹோஸ்டிங்கோடு வந்த மெயிலை விட்டு கூகுளின் மெயில், ஆபீஸ் சேவையான வொர்க்ஸ்பேஸுக்குப் போனால் எட்டு வருட மெயில் என்ன ஆகும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, முந்தின நாளே டிடிஎல்லை (டொமைன் பதிவுகளை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 வினாடியாகக் குறைத்துவிட்டு அப்புறம் எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் பதிவு) தொடச் சொன்ன யோசனைதான். பழைய மெயிலை, தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் பழையது, புதியது இரண்டு கணக்கையும் ஐமேப்பில் (மெயிலை சர்வரிலேயே வைத்துக் கையாளும் முறை) சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டேன். வேளச்சேரியில் நடுவில் கரண்ட் வேறு போனதால் இரண்டு ராத்திரி ஆனது.

எதிர்பாராதது ஒன்று: என் இன்வாய்ஸ்கள் கிளையண்டின் ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்தன. பழைய எஸ்பிஎஃப் வரியை (நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது) எடுக்காமல் புதிதாக இன்னொன்றைச் சேர்த்தது என் தப்பு, ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே தோற்றுவிடும். ஒன்றாக்கி, டிகேஐஎம்மும் (மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) போட்ட பிறகு சரியானது.

ஒரே குறை, எக்செல் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வொர்க்ஸ்பேஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் ஷீட்ஸில் ஓடாது, அதற்காகப் பழைய ஆபீஸை இன்னும் வைத்திருக்கிறேன்.