லிபெட் சோதனையை வைத்து ‘யாரும் எதற்கும் பொறுப்பில்லை’ என்று வாதாட முடியுமா?

கேள்வி | புதுவரவு

கல்லூரி விவாதப் போட்டிக்குத் தலைப்பு: ‘சுதந்திர விருப்பம் ஒரு மாயை’. எங்கள் அணி ஆதரித்துப் பேசுகிறது. நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனைதான் அஸ்திவாரம்: நாம் நினைப்பதற்கு முன்பே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது, ஆகவே குற்றவாளி மீதும் பழி இல்லை. எதிரணி இதை எங்கே உடைக்கும்? எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி | அலைவரிசை

அஸ்திவாரத்திலேயே உடைப்பார்கள். முதலில் சோதனை என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். யூடியூபில் பாதிப்பேர் அதையே தப்பாகச் சொல்கிறார்கள்.

கடிகார முகம் போன்ற வட்டத்தில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 நொடிக்கு ஒரு சுற்று வரும். பங்கேற்பவர் அதைப் பார்த்தபடி, முன்கூட்டித் திட்டமிடாமல், தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். மடக்கும் உந்துதல் முதலில் தெரிந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். உச்சந்தலையில் ஈஈஜி (மூளையின் மின்செயல்பாட்டுப் பதிவு) எடுக்கப்படும். கைத்தசையின் மின்பதிவான ஈஎம்ஜி, அசைவு தொடங்கிய கணத்தைக் காட்டும். ஒற்றைத் தடவையின் ஈஈஜியில் இரைச்சல்தான் தெரியும் என்பதால் 40 தடவைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். அதில் ‘ஆயத்த மின்னழுத்தம்’ என்ற, மெதுவாக ஏறும் மூளை மின்குறி அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே தொடங்குகிறது. உந்துதல் தெரிந்ததாகச் சொன்ன நேரமோ சுமார் 200 மில்லிநொடி முன்பு. தோலில் கொடுத்த தூண்டலின் நேரத்தைச் சொல்லவைத்துச் சரிபார்த்தபோது ஏறத்தாழ 50 மில்லிநொடி முந்திச் சொல்லும் பிழை தெரிந்தது. அதைக் கழித்தால் 150.

சிக்கல் அந்தச் சராசரியில் இருக்கிறது. அசைவு நடந்த கணத்தைப் பூச்சியமாக வைத்துப் பின்னோக்கி வெட்டுகிறார்கள். மின்னழுத்தம் ஏறி, அசைவில் முடியாமல் இறங்கிய தருணங்கள் கணக்கிலேயே வருவதில்லை. பாறையைத் தாண்டித் தெறித்த அலைகளை மட்டும் படமெடுத்துவிட்டு, எல்லா அலையும் பாறையைத் தாண்டவே கிளம்புகிறது என்று சொல்வதைப் போன்றது இது. 2012இல் ஷர்கர், சிட், டெஹேன் மூவரும் இதை மாதிரியாக்கிக் காட்டினார்கள்: தற்செயலாக ஏறி இறங்கும் நரம்பு இரைச்சல் ஒரு வாசலை, அதாவது குறிப்பிட்ட ஓர் அளவை, தாண்டும்போது அசைவு நடக்கிறது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிச் சராசரி எடுத்தாலே, லிபெட் கண்ட அதே மெதுவான ஏற்றம் கிடைக்கிறது. அப்படியானால் 550இல் ‘முடிவு’ எதுவும் எடுக்கப்படவில்லை. வாசலைத் தாண்டும் கணம் உந்துதல் தெரியும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னொன்று, லிபெட்டே சுதந்திர விருப்பத்தை மறுக்கவில்லை. 150இல் கடைசி 50 (அதற்குள் அசைவை நிறுத்த முடியாது) போக, மீதி 100 மில்லிநொடியில் அசைவைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு நனவுக்கு உண்டு என்றார். அவரை உங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட்டால் எதிரணி குறுக்கு விசாரணையில் இதைத்தான் கேட்கும்.

மறுமொழி | புதுவரவு

அப்படியானால் ‘பத்து நொடி முன்பே கணித்துவிடலாம்’ என்ற எஃப்எம்ஆர்ஐ (மூளை ஸ்கேன்) ஆய்வு? அதில் இந்தச் சராசரிப் பிரச்சினை இல்லையே?

மறுமொழி | அலைவரிசை

ஹெய்ன்ஸ் குழுவின் 2008 ஆய்வு. இடது பொத்தானா வலது பொத்தானா என்பதைச் சில நொடிகள் முன்பே கணித்தார்கள், சரிதான். கணிப்பின் துல்லியம் சுமார் 60 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். ஒரு பக்கச் சாய்வு முன்பே இருந்தது என்பதற்கு அது ஆதாரம். முடிவு முடிந்துவிட்டது என்பதற்கு அல்ல.

அதைவிடப் பெரிய ஓட்டை: இடமா வலமா என்பதில் யாருக்கும் அக்கறை கிடையாது. மாவோஸ், யாஃபி, கோக், முத்ரிக் நால்வரும் 2019இல் பொத்தானுக்குப் பதில், எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நிஜப் பணம் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்க வைத்தார்கள். இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும் பொருளற்ற தேர்வுகளில் ஆயத்த மின்னழுத்தம் தெரிந்தது. விளைவு உள்ள தேர்வுகளில் இல்லை, அல்லது வெகுவாகக் குறைந்திருந்தது. நாம் பழிப்பதும் பாராட்டுவதும் இந்த இரண்டாம் வகையைத்தானே.

மறுமொழி | பிரிவு22

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. ‘என் மூளைதான் செய்தது’ என்பது எந்த நீதிமன்றத்திலும் தற்காப்பு ஆகாது. எதிரணியில் சட்டம் படிக்கும் யாராவது இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். இந்தியாவின் இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 84) கேட்பது வேறு: செய்த நேரத்தில், மனநிலைக் கோளாறால், செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதவராக இருந்தாரா? இங்கிலாந்தின் 1843 மெக்நாட்டன் விதியிலிருந்து வந்தது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, ‘அதுவே அதிக சாத்தியம்’ என்று காட்டினால் போதும்.

இந்த விதி அறிவைப் பார்க்கிறது, கட்டுப்பாட்டைப் பார்ப்பதில்லை. உங்களுக்கு உண்மையில் உதவும் இடம் இதுதான். 2003இல் பர்ன்ஸ், ஸ்வெர்ட்லோ வெளியிட்ட அமெரிக்க நோயாளியை எடுங்கள்: கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் கட்டி, குழந்தைகள் மீது பாலியல் நாட்டம் புதிதாகத் தலைதூக்கியது, கட்டியை அகற்றியதும் போனது, கட்டி மீண்டும் வளர்ந்தபோது திரும்பியது. தவறு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது, தடுக்கத்தான் முடியவில்லை. 22ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றாது. அது நியாயமா என்று கேளுங்கள், அரங்கம் கவனிக்கும்.

மறுமொழி | காரணச்சங்கிலி

கட்டி வழக்கும் உங்களை முழுதாகக் கரை சேர்க்காது. ‘அவருக்குக் கட்டி, மற்றவர்களுக்கு இல்லை, ஆகவே மற்றவர்கள் பொறுப்பு’ என்று எதிரணி திருப்பிவிடும். என் யோசனை: லிபெட்டை முழுக்கக் கைவிடுங்கள். அதே 1983இல் தத்துவவியலாளர் பீட்டர் வான் இன்வாகன் விரிவாக முன்வைத்த வாதத்துக்கு மில்லிநொடியே வேண்டாம். எல்லாம் நிர்ணயிக்கப்பட்டது என்றால், நம் செயல்கள் நாம் பிறப்பதற்கு முந்தைய நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்த விளைவு. முந்தைய நிலை நம் கையில் இல்லை, விதிகளும் இல்லை. பிறகு விளைவு மட்டும் எப்படி நம் கையில்? ‘குவாண்டம் தற்செயல்’ என்று யாராவது தப்பிக்கப் பார்த்தால், தாயக்கட்டை உருண்டு விழுந்ததற்கு என்னைப் பாராட்டுவீர்களா என்று கேளுங்கள்.

ஆனால் இந்த வாதம் நிர்ணயவாதமும் சுதந்திரமும் ஒத்துப்போகாது என்று மட்டுமே காட்டும். வான் இன்வாகனே சுதந்திர விருப்பத்தை நம்புபவர். மீதித் தூரத்துக்கு, பழிக்கு அடிப்படையான சுதந்திரம் நமக்கு இல்லை என்று வாதிடும் தத்துவவியலாளர் டெர்க் பெரெபூம் வேண்டும். தண்டனையைப் பற்றி அவர் சொல்வது மேடைக்கு ஏற்றது: தொற்றுநோயாளி மீது பழி இல்லாமலே அவரைத் தனிமைப்படுத்துகிறோம், ஆபத்தானவரையும் அப்படித் தடுத்துவைக்கலாம், தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வேதனை தரக்கூடாது. ‘அப்போ கொலைகாரனை விட்டுவிடுவதா’ என்ற கேள்வி நிச்சயம் வரும், பதில் இதுதான்.

எதிரணி தத்துவவியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட்டின் 1969 எடுத்துக்காட்டோடு வந்தால் கவனம். ஒருவர் தானாகவே கொலை செய்ய முடிவெடுக்கிறார். தயங்கினால் அவரை அதே முடிவுக்குத் தள்ள இன்னொருவர் மறைவில் காத்திருக்கிறார், ஆனால் தலையிடத் தேவையே வரவில்லை. வேறுவிதமாக நடந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் பொறுப்பு அவருடையதுதான் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். ‘வேறு வழி இல்லை, ஆகவே பொறுப்பில்லை’ என்ற வரி உங்கள் உரையில் எங்காவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ‘செயலின் ஊற்று அவர் கட்டுக்குள் இல்லை’ என்று மாற்றி எழுதினால் அந்த எடுத்துக்காட்டு உங்களைத் தொடாது.