புதுப்பிப்பு: எடிட்டிங் அறை வால்பாறையிலா, பொள்ளாச்சியிலா?

எங்கள் சிறிய வீடியோ நிறுவனத்தின் எடிட்டிங் அறையை வால்பாறையிலேயே வைத்திருப்பதா, பொள்ளாச்சிக்கு இறக்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் இறக்கிவிடச் சொன்னீர்கள். எடிட்டிங்கை மட்டும் இறக்கியிருக்கிறோம். கேமராக்களும் ஒளிப்பதிவாளர்களும் மேலேயே இருக்கிறார்கள். அவர்களும் கீழே இருந்தால், மலையடிவாரத்து ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து சேர்வதற்குள் தேயிலைச் சரிவின் காலை வெளிச்சம் போய்விடும்.

பதிவுகளை இணையத்தில் ஏற்றிக் காத்திருப்பதில்லை. ஒரு நகலை மேலே வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஹார்டு டிஸ்க்கில் ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறோம்.

மழைக்காலக் குளிரில் இருந்த கேமராவை, ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான திருமண மண்டபத்தில் உடனே திறந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும் என்பதால், பையை மூடியபடியே சிறிது நேரம் உள்ளே வைத்திருந்த பிறகே எடுக்கிறோம். அதுவரை பெண் வீட்டாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

ட்ரோன் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்; ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். எஸ்டேட்டுகள் காட்டை ஒட்டியே கிடப்பதால், திருமண விலைப்பட்டியலிலிருந்து ட்ரோனை நீக்கிவிட்டோம். அதற்காக இரண்டொரு வேலைகள் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்றே கருதுகிறேன்.