அப்பாவின் கால் புண்: புதுப்பிப்பு

உள் கணுக்காலில் எட்டு மாதமாக ஆறாத புண், சர்க்கரையும் இல்லை, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நரம்புச் சுருட்டாக (வெரிகோஸ் வெயின், காலில் ரத்தம் தேங்கி ரத்தக்குழாய் புடைத்துச் சுருள்வது) இருக்கும் என்றவர்கள் சொன்னதுதான் சரி. முப்பது வருடம் டீக்கடையில் நின்ற கால்.

புது டாக்டர் கட்டுப் போடும் முன் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கருவி) வைத்து கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்ததில் 1.02. இது 0.8-க்குக் கீழே போனால் தமனி அடைப்பாக இருக்கலாம். அப்படி இருக்கும்போது இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்தாம். இத்தனை நாள் ஆயின்மென்ட்டை மாற்றி மாற்றி எழுதிய இடத்தில் யாரும் இதைப் பார்க்கவே இல்லை.

இப்போது விரலடியிலிருந்து முழங்கால் வரை அழுத்தக் கட்டு, வாரம் ஒருமுறை மாற்றுகிறார்கள். மூன்றாம் வாரம் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். 5 சென்டிமீட்டர் இருந்தது 3.5 ஆகியிருக்கிறது. அரிப்பு தாங்காமல் ஸ்கேலை உள்ளே விடப் பார்த்தார், பிடுங்கி வைத்திருக்கிறேன்.